அரைமணிக் கட்டங்கள்

நாளுக்கு நாற்பத்தெட்டுக் கட்டங்கள்.
ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு குறி போட வேண்டும்:
தூக்கம். ஓட்டம். நிறுத்தம்.
நான்காவது ஒன்று உண்டு, ஓட்டம்தான்,
ஆனால் உடம்பு நாணல் மாதிரி தன்பாட்டுக்கு ஆடும்.

முப்பத்தோரு வருடம் ஸ்நேக் ஊருக்கு வெளியே
பாலம் தூக்கினேன்.
படகு வந்தால் தூக்குவது, போனால் இறக்குவது.
தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பைக் கீழே விடுவேன்,
படகுக்காரர்கள் அதில் காசு போடுவார்கள்.
ஒருநாளும் கணக்கு உதைத்ததில்லை.

இப்போது பாலம் எனக்குள் இருக்கிறது.
யார் தூக்குகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே
வெறுந்தரையில் கால் நின்றுவிடும்.
ஹிஸ்கே துடைப்பத்தைக் குறுக்கே போடுவாள்,
தாண்டிவிடுவேன்.
இல்லாததைத் தாண்டத்தான் முடிவதில்லை.

பழைய மாத்திரை ஆறு வேளை.
மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம்.
மேலே பாலாடைக்கட்டி விழுந்தால் அதுவும் போச்சு.
ஃப்ரீஸ்லாந்துக்காரனிடம் வந்து
பாலாடைக்கட்டியைத் தள்ளி வை என்கிறார்கள்!

க்ரோனிங்கன் மருத்துவமனையில் புதுசு ஒன்று.
வயிற்றில் மெல்ல மெல்லக் கரையுமாம், மூன்று வேளை போதுமாம்.
இரண்டு டப்பா. ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மாவு.
புதுசில் மருந்தா, பழசிலா,
எனக்கும் தெரியாது,
கொடுக்கிற நர்ஸ் ஔக்யேவுக்கும் தெரியாது.

ஒன்பதாம் வாரம், விடியற்காலை நாலு மணி.
வலப்பக்கம் புரண்டு படுத்தேன்.
அவ்வளவுதான் விஷயம்.
போர்வையும் கூடவே வந்தது.
ஆறு வருடமாக ஹிஸ்கே உருட்டிய கட்டை
அவள் குறட்டை கலையாமல் தானே உருண்டது.
அந்தப் பக்கச் சுவரில் ஒரு விரிசல். எப்போது விழுந்ததோ.

மாவுக்கும் இப்படி ஒரு நாலு மணி வருமாம்.
நம்பிக்கைக்கே மூளையில் கொஞ்சம் மருந்து ஊறும்
என்று ஔக்யே எச்சரித்திருந்தாள்.

பிறகு அந்தச் செவ்வாய், பகல் இரண்டரை.
ஷூ நாடாவில் விரல் உறைந்து உட்கார்ந்திருந்தேன்.
கை திரும்பி வந்ததும் கட்டத்தில்
ஓட்டம் என்று போட்டேன்.
மாத்திரை ஜெயிக்கட்டும் என்று.
ஔக்யே முகம் வாடக் கூடாது என்று.

இரவு பல் தேய்க்கும்போது
எங்கோ ஒருத்தி ஷூ நாடாவோடு உட்கார்ந்திருப்பது தோன்றியது.
இந்தத் தாளை நம்பித்தான்
அவள் கையில் மாத்திரையைக் கொடுப்பார்கள்.

கணக்கு உதைத்ததில்லை என்றேனே,
செருப்பில் காசு குறைந்த நாளில்
என் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டியதுண்டு.
இதில் அப்படிப் போட முடியாது.

வாயில் நுரையோடு போய் அடித்தேன்.
நிறுத்தம்.
எறும்பு ஊர்ந்த மாதிரி விழுந்தது,
என் எழுத்து இப்போது அப்படித்தான்.
ஓரத்தில் தேதி. கையொப்பம், அதுவும் எறும்பு.

நாளை மிச்ச மாத்திரைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும்.
மணி பத்தரை.
கால்வாயில் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.
இடக்கால், கொஞ்சம் யோசித்துவிட்டு,
வருகிறது.
பென்சில் எங்கே?