பக்கத்துக்கு இவ்வளவு

மூன்றாம் அத்தியாயத்திலேயே
மரக்காலின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு
அரக்கு இருக்கிறது.
நாவலில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.
அளக்கிறார்கள், வாங்குகிறார்கள்,
முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள்.

ஏழில், மடை திறக்கப் போன பக்கிரி
மண்வெட்டியைச் சேற்றிலேயே விட்டு வருகிறான்.
பதினொன்றில் பண்ணை வீட்டு நாய்
வைக்கோல்போரைப் பார்த்து
விடிய விடியக் குரைக்கிறது.
பதின்மூன்றில் மறுபடியும் மரக்கால்.
‘கூறியது கூறல், நீக்கலாமா?’
ஓரத்தில் பென்சிலால் கேட்டேன்.
‘இருக்கட்டும்’
சிவப்பு மையில் திரும்பி வந்தது.

மன்னார்குடியில், சுந்தரவதனத்தின் அச்சகத்தில்
மெய்ப்புத் திருத்துகிறேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
பக்கம் என்றால் எத்தனை வரி
என்பதை அவர்தான் சொல்வார்.
போன மாதம் முப்பத்திரண்டு.
இந்த மாதம் எழுத்து கொஞ்சம் இளைத்திருக்கிறது.

பதினாறில்
‘அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள்’ என்பது
‘அரைப்படி நெருப்பு’ என்று விழுந்திருந்தது.
அடிக்கப் போன பென்சில்
அங்கேயே நின்றது.
பாமணியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டதென்று
வாசலில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை.
‘முடிவு என்னய்யா?’ என்றார் முதலாளி,
வெற்றிலையை மடித்தபடி.

பைண்டிங் மேசையில் மரகதவல்லி
போன மாதத்துத் தாளையும் இந்த மாதத்துத் தாளையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
உதடு மட்டும் அசைகிறது, எண்ணுகிறாள்.
என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாம் அத்தியாயத்திலும்
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.