இருநூற்றுப் பதினாலு

ஸ்ரான்லி வீதி, மூன்றாம் மாடி.
கீழே புடவைக் கடை பூட்டியாயிற்று.
திரையில் நான் விரித்து வைத்திருப்பதும்
யாழ்ப்பாணம்தான்.
எந்தக் கந்தோர்ச் சுவரிலும் தொங்காத யாழ்ப்பாணம்.

இதில் கடல் இல்லை.
பண்ணைப் பாலம் இல்லை. குறிகட்டுவானில்
படகுக்கு நிற்கும் சனம் இல்லை.
நெடுந்தீவுக் கிளை
நல்லூர்க் கிளைக்குப் பக்கத்து வீடு.
சுன்னாகமோ
இரண்டு சுவிச் தாண்டி, தூரத்து உறவு.
வடக்குத் தெற்கு கேட்காதீர்கள்.
யார் யாரூடாகக் கதைக்கிறார்கள்
என்பதே இங்கே திசை.

பச்சைக் கோடு: குரல் போகிறது.
மஞ்சள்: போகிறது, ஆனால் விக்குகிறது.
'ஹ… லோ… கேக்… தோ' என்று
உடைந்த சொல்லின் பின்துண்டு
முன்துண்டைத் தேடி அலையும்.
சிவப்பு: என் தேநீர் ஆறும்.

நேற்றிரவு பதினொன்றரைக்கு மழை.
சாவகச்சேரி சிவந்தது,
பிறகு தானாகவே பச்சையாயிற்று.
இதெல்லாம் பழக்கம்.

ஊரடங்கிய பிறகுதான் அதைக் கண்டேன்.
காரைநகருக்குக் கீழே
பெயரில்லாத ஒரு புள்ளி.
கிளையை மூடி ஆறு மாதம்.
இணைப்பை வெட்டும் கடிதம் இன்னும்
கொழும்பில் யாருடைய மேசையிலோ.
நிமிடத்துக்கு ஒருதரம் சேர்வரின் கதவைத் தட்டி
'இருநூற்றுப் பதினாலு, இருக்கிறேன்' என்கிறது புள்ளி.
'சரி' என்கிறது சேர்வர்.
ஆறு மாதமாக அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

நிரோஜன் எழுதிவிட்டுப் போயிருந்தான்:
தேவையில்லாதது. அழிக்கவும்.
சுட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன்.
பிறகு, ஏனோ, அடித்துப் பார்த்தேன்.

மூன்றாம் மணியில் எடுத்தார்கள்.
"ஆரது?"
இடத்தைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன்.
காவலாளி. பெயர் அருளப்பு.
"ஐயோ பிள்ளை, நான் ஒருத்தருக்கும் அடிக்கிறேல்லை.
நேரம் பாக்கத்தான் வச்சிருக்கிறன்.
இஞ்சத்தைச் சுவர் மணிக்கூடு நிண்டுபோச்சு.
இதில வெளிச்சமாத் தெரியுது,
பிழைக்கிறதுமில்லை."

பிழைக்காதுதான். அந்த நேரம்
என் முதுகுக்குப் பின்னால் உறுமும்
இந்தப் பெட்டியிலிருந்துதான் அங்கே போகிறது.
"இப்ப எத்தினை மணி?" என்று கேட்டேன்.
"ரண்டு பதினேழு."
என் திரையிலும் இரண்டு பதினேழு.

அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.
அவருக்கும் வைக்க மனமில்லைப் போல.
படத்தில் அந்த ஒரு கோடு மட்டும்
தடித்துப் பச்சையாக நின்றது,
எங்கள் மௌனத்தையும் துண்டு துண்டாக நறுக்கி
ஒன்றும் சிந்தாமல்
இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தபடி.

வைத்த பிறகு
புள்ளிக்குப் பெயர் போட்டேன்: மணிக்கூடு.
'வகை' என்ற கட்டத்தில்
தொலைபேசி, சுவிச், ரவுட்டர் தவிர
தெரிவுக்கு வேறெதுவும் இல்லை.
வெறுமையாக விட்டிருக்கிறேன்.
எட்டு மணிக்கு நிரோஜன் வருவான்,
கேட்பான்.