ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

இறுதியாண்டுப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
'உங்கள் படைப்புக்கான தூண்டுதல்கள் எவை?
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.'

பிரெஞ்சுக்காரர் இருவர் பெயரை எழுதினேன்.
ஒன்றில் எழுத்துப்பிழை. அடித்தேன்.
'இயற்கை' என்று எழுதினேன்.
மே மாத வேலூரில் உட்கார்ந்துகொண்டு
அதை எழுதக் கூச்சமாயிருந்தது.
அதையும் அடித்தேன்.

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்
ஜெயம் லாட்ஜ். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.
லீவு முழுக்க அங்கே ராத்திரி ரிசப்ஷன் நான்.
வருகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்.
மால்டா, கூச் பிஹார், அகர்தலா
வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிய ஊர்கள்
லெட்ஜரில் நீல மையில் வந்து இறங்கும்.
'வந்த காரணம்' என்ற கட்டத்தில்
எல்லாருக்கும் நானே எழுதிவிடுவேன்: சிகிச்சை.

விடியுமுன்பே மாடியில் கடுகெண்ணெய் காயும்.
படிக்கட்டு வழியாக இறங்கி
என் சட்டைக்குள் வந்து உட்காரும்.
அந்த வாசனைக்கு ஒரு மஞ்சள் உண்டு.
எந்த டியூபிலும் இல்லாத மஞ்சள்.
காவியில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் அழுக்கு...
இன்னும் வரவில்லை.

பதினான்காம் அறைக்காரர்
எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பார்.
அவருக்கு ஒன்றும் புரியாது. எனக்கும்தான்.
ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை,
மரமில்லாத, பாறை மட்டுமான நம்மூர் மலை.
விலா எலும்புகளின் இடைவெளியில்
உருண்டைப் பாறைகள் ஒவ்வொன்றாய் வந்து பொருந்தின.
அன்றிலிருந்து மலையை நான்
வெளிக்கோட்டிலிருந்து ஆரம்பிப்பதில்லை.

இதற்கே ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஷெஃபாலி மண்டலைப் பற்றி எழுதலாமா, கூடாதா?
மறுநாள் அவள் கணவனுக்குத் தாடையில் அறுவை.
பழைய பில்களின் பின்பக்கம் நான் கிறுக்குவதைப்
பார்த்திருக்கிறாள் போல.
இரவு பதினொன்றுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.
தலைவாரி, சட்டை மாற்றி,
கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி அவன்.
'தாதா' என்றாள். விரலால் காற்றில் ஒரு முகம் போட்டாள்.
போனில் எடுக்கலாமே என்று சைகை செய்தேன்.
போனைத் தூக்கிக் காட்டி,
வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நெற்றி வந்தது. காது வந்தது.
இடது புருவத்துத் தையல் தழும்பு வந்தது.
அவன் அசையவே இல்லை, டியூப்லைட்தான் துடித்தது.
வாய்க்கு வந்தபோது கை நின்றுவிட்டது.
வரையத் தெரியாமல் இல்லை. சரி, அதுவும்தான்.
நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற ஒரு கோட்டை
இன்றைக்கு எவ்வளவு அழுத்தி இழுப்பது?

வெள்ளையாய் விட்ட இடத்தை
அவள் வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு அவனைப் பார்த்தாள்.
தாளை மடிக்காமல் சுருட்டினாள்.
ஐம்பது ரூபாய் நீட்டினாள்.
வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன்.

காட்பாடி பஸ்ஸில் அந்த நோட்டைச்
சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி போனேன்.
பாலத்துக்குக் கீழே மணல்.
பாலாறு என்று போர்டு இருந்தது.
ஸ்டேஷனில் ஒரு டீ. சென்னையில் ஒரு சிக்ஸ் பி பென்சில்.

அப்புறம் என் எல்லாப் படத்திலும்
எங்காவது ஓரிடம் பூசாமலே கிடக்கிறது.
'நெகட்டிவ் ஸ்பேஸ் நல்லாப் பண்றே' என்றார் மாஸ்டர்.
நான் மறுக்கவில்லை. மார்க் வேண்டியிருந்தது.

அடுத்த லீவில் லெட்ஜரைப் புரட்டினேன்.
மண்டல் தம்பதி புறப்பட்ட தேதி இருந்தது,
பகல் ஆள் கோதண்டபாணி கையெழுத்தில்.
எப்படி இருந்தாங்க என்று கேட்டேன்.
'பாக்கி எதுவும் இல்ல. சாவி குடுத்துட்டாங்க' என்றான்.

மணி ஐந்தாகிறது. எண்ணெய் காய ஆரம்பித்துவிட்டது.
ஒன்பதை விட்டுவிட்டுப் பத்தாவதுக்குப் போகிறேன்:
நிரந்தர முகவரி.