குருவிக்காரன் சாலைப் பாலத்தில் காற்று

இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
கோவளம் ஓட்டல்காரர் தள்ளிவிட்ட அலைப்பலகையோடு
லாரியில் வந்து இறங்கினான் ஆரோக்கியதாஸ்.
எட்டடி. மூக்கில் ஒரு விரிசல், எம்-சீல் பூசியது.
"சைக்கிள்ல மாட்டணும்டா, நீதான பிளம்பர்."

எங்கே கொண்டுபோக என்று நான் கேட்கவில்லை.
அளவு மட்டும் கேட்டேன்.

ஒன்றேகால் இஞ்ச் பைப், நாலு எல்போ, இரண்டு டீ,
கீரைத்துறை வேலையில் மிஞ்சிய சால்வென்ட்.
சீட்டுக் கம்பியில் ஒரு கை, கேரியரில் ஒரு கை.
பழைய டியூபைக் கீறிச் சுற்றினேன்
பலகைக்கு நோகாமல்.
ஏறி மிதித்தால் குதிகால் இடிக்கிறது.
மூன்று விரற்கடை வெளியே தள்ளி
அறுத்து, மறுபடி ஒட்டி,
மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்து முடிக்க
ராத்திரி பதினொன்று.

காலையில், தெப்பக்குளம் டீக்கடையில்
இஸ்திரிப் பலகையா என்றார் ஒருவர்.
கட்-அவுட்டா, யாருக்கு, என்றார் இன்னொருவர்.
போலீஸ்காரர் தட்டிப் பார்த்துவிட்டு
"தெர்மாகோலா?" என்பதோடு விட்டார்.
வண்டியூர்க் கண்மாய்க்கு, என்றான் தாஸ்,
ஆகாயத்தாமரை போக மிச்சமிருக்கும் தண்ணீருக்கு.

பாலத்தின் நடுவில்
காற்று பக்கவாட்டில் அறைந்தது.
கீழே வைகை: மணல், நாணல், ஒரு கழுதை.
பலகை எழும்ப, சைக்கிளும் கூடவே எழும்ப,
பின்னால் ஓடிய நான் பார்த்தேன்,
பெடலில் நின்று
முழங்கால் மடக்கிக் கைகளை விரித்தான்
ஒரு மூன்று விநாடி.

அப்புறம் கைப்பிடிச் சுவர்.
அவன் முழங்கை தப்பியது,
என் எல்போதான் போச்சு.

ஜிஐ பைப்பில் செய்து தருகிறேன் என்றேன்.
வேண்டாம்டா,
கனத்தால் எழும்பாது, என்கிறான்.