பக்கம் பதினொன்றில் ஒரு சொல்

கச்சேரி மேல்மாடி. குளிரூட்டி பழுது.
ஜன்னலுக்கு அப்பால் உட்துறைமுகம்
ஒரு கப்பலுமில்லாமல் பளபளக்கிறது.
கொழும்பிலிருந்து வந்த வரைவை
கூட்டத்துக்கு முன் தமிழாக்க வேண்டும்.
உமியை எரி, மின்சாரம் எடு,
புகையை வானுக்கு விடாமல் பிடி,
பாறைக்கடியில் இறுக்கி வை.
இதை யாராவது செய்வதற்கு
அரசு எதைக் கொடுக்கலாம், எதைக் கொண்டு மிரட்டலாம்.
நாற்பது பக்கம்.

பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
புகையைப் பிடிப்பதற்கு எந்தச் சொல்?
'கைப்பற்றல்' என்று எழுதினேன்.
சம்பூரில் அந்தச் சொல்லைச் சுற்றி முள்வேலி.
வெட்டினேன்.
'பிடித்துச் செல்லல்'
வெள்ளையாக ஏதோ ஒன்று கண்ணுக்குள் ஓடி மறைந்தது.
வெட்டினேன்.
'கவர்தல்' என்கிறது கலைச்சொல் தொகுதி.
அது ஆநிரைக்குப் போர் நடந்த காலத்துச் சொல்,
புகைக்கு மணி கட்டவா முடியும்?
இடத்தைக் காலியாக விட்டுக் கீழே இறங்கினேன்.

ஆலோசகர் வீரக்கோன் நல்ல மனிதர்.
தன் தேநீரை எனக்குத் தள்ளி வைத்தார்.
கரிக்கு வரி போடலாம் என்றார்.
அல்லது அலகொன்றுக்கு மாறாத விலை, இருபது வருடம்.
அல்லது புதைக்கும் ஒவ்வொரு தொன்னுக்கும் காசு,
ஏலத்தில் குறைத்துக் கேட்பவருக்கு.
ஒரு மூச்சு பின்னால் நான் தமிழில் வந்துகொண்டிருந்தேன்.

கிண்ணியா ஆலைக்காரர் முர்ஷித் எழும்பினார்.
"வரியெண்டா எங்கட தலையில விழும்.
விலையெண்டா எழுதித் தாங்க.
இப்ப என்ட உமி செங்கல் சூளைக்குப் போகுது.
நீங்க காசு குடுத்தா உமி விலை ஏறும்.
சூளைக்காரன் காட்டுக்குப் போவான், விறகுக்கு.
அந்தப் புகைய யாரு புடிக்கிற?"
வீரக்கோன் சிரிக்கவில்லை.
அவர் தாளில் ஒரே சொல் விழுந்தது: கசிவு.

கிளிசரியா நடலாமே என்றாள் இளம் பொறியியலாளர்,
மூதூர்ப் பக்கம் சும்மா கிடக்கிற நிலத்தில்.
"சும்மா கிடக்கேல்ல" என்றார் தவமலர்.
"நாங்கள் இல்லாமக் கிடந்தது."
இதை நான் சிங்களத்துக்கு மாற்றினேன்.
நாலே சொல். நேரம் எடுத்தது.

பிறகு கடைசிப் பந்தி.
புதைத்த நிறுவனம் இருபது ஆண்டு பார்க்கும்.
அதற்கப்பால்
மண்ணுக்குள் இருப்பவற்றுக்கு
என்றென்றைக்கும் அரசே பொறுப்பு.

வாசித்து முடித்தேன்.
யாரும் இருமவில்லை.
பிழையாகச் சொன்னீரா என்று
வீரக்கோன் என் முகத்தைப் பார்த்தார்.
இல்லை ஐயா. சரியாகத்தான் சொன்னேன்.

தவமலர் கைப்பையைத் திறந்து மூடினார்.
"எங்க புதைச்சது, எவ்வளவு, எந்தத் திகதி எண்டு
பதிவேடு இருக்குமா?
நாங்கள் வந்து கேட்டாக் காட்டுவீங்களா?"
"நல்ல கேள்வி. வரைவில் இல்லை."
"அப்ப போடுங்க."

போட்டோம்.
பன்னிரண்டாம் பந்தி, பென்சிலால்,
மூன்று மொழியிலும்.

மாலை, பஸ் நிலையத்தடியில்
நான் கழித்துப் போட்ட பக்கங்களை
ஒரு மான் நிதானமாக மென்றது.
கைப்பற்றல் போயிற்று. கவர்தலும் போயிற்று.
அது விடும் மூச்சு
எந்தத் தெரிவின் கணக்கிலும் வராது.
பதினோராம் பக்கம் இன்னும் காலி.
நாளை ஒன்பது மணிக்குக் கேட்பார்கள்.