பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு

மதுரை லேபர் கோர்ட்டில்
கடுகு டப்பாவைத் திறந்தேன்.
இரண்டு வருசத்து பஸ் சீட்டு,
மாதம் மாதமாய் ரப்பர் பேண்டு போட்டு.
மகளிர், கட்டணம் பூஜ்யம்,
கானாடுகாத்தானில் ஏறி கோட்டையூரில் இறங்க.
அடியில் பொடி எழுத்தில் நேரம்:
ஒன்பது நாற்பது, ஒன்பது ஐம்பத்திரண்டு,
ஒருநாள் பத்தரை.
பிரெஞ்சுக்காரர் யாருக்கோ பிறந்தநாள்,
பஸ்ஸும் லேட், நானும் லேட்.

வைக்கும்போது அப்படித்தான் இருந்தது.
திறந்தபோது எல்லாம் வெள்ளை.
சூடு பட்டால் அந்தத் தாளில் எழுத்து நிற்காதாம்.
டப்பா இருந்தது அடுப்புக்கு மேல்தட்டில்.

"ஜெராக்ஸ் எடுத்து வைக்கக் கூடாதா, சொர்ணவல்லி?"
என்றார் என் வக்கீல் ஸ்டெல்லா.
எடுத்திருக்கலாம்தான்.
ஜெராக்ஸ் கடை திறக்கும்போது நான் சமையல்கட்டில்,
மூடும்போதும் சமையல்கட்டில்.

ஓட்டல் வக்கீல் தன்மையாகத்தான் கேட்டார்:
ஆறு மணிக்குமேல்
ஆத்தங்குடித் தரையில் காலை நீட்டி
முற்றத்தில் உட்கார்ந்திருந்தீர்களா, இல்லையா?
உட்கார்ந்திருந்தேன் ஐயா.
பிள்ளையார்பட்டி போன வேன் திரும்புகிறவரைக்கும்.
ஆறிப்போன வெள்ளைப் பணியாரத்தை
எந்த விருந்தாளி தின்பார்?
மாவைக் கரைத்து வைத்துவிட்டு
வாசலில் ஹாரன் கேட்கிறதா என்று

"ஆக, ஓய்வு" என்றார்.
ஓய்வு என்றே டைப் அடித்தார்கள்.

அப்புறம் சேவுகன் கூண்டேறினார்.
அன்றைக்கு லீவு போட்டு,
காக்கி இல்லாமல், யாரோபோல.
"இந்தம்மா கம்பியைப் பிடிச்சபடி தூங்கும்.
பள்ளத்தூர்ல ஒருக்க எழுப்புவேன்,
கோட்டையூர்ல ஒருக்க.
ஓசிப் பயணம்தானே, சீட்டு எதுக்குன்னா விடாது.
அதுல மணி போட்டிருக்கும்ல, குடுங்கன்னு
கேட்டு வாங்கும்."
நீதிபதி பேனாவை வைத்துவிட்டு
முதல்தடவையாக என்னைப் பார்த்தார்.

மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று தீர்ப்பு.
நாளுக்கு அரைமணி கழிவு,
சாப்பிட்ட நேரமாம்.
நின்றுகொண்டே விழுங்கிய சோறு
அவ்வளவு நேரமா எடுத்தது?
ஓட்டல் ஹைகோர்ட் கிளைக்குப் போயிருக்கிறது.
பணம் வரவில்லை.
பத்தொன்பது வாய்தாவுக்கு
மதுரை போய்வந்த கூலியை
எந்த மனுவில் கேட்பது என்று
ஸ்டெல்லாவிடம் கேட்டேன், சிரித்தார்.

இப்போது காரைக்குடியில் ஒரு மெஸ்.
ஏழு மணிக்கு விடுவதாகப் பேச்சு.
நேற்று ஏழே முக்கால்.
பஸ்ஸில் உட்கார்ந்ததும்
சீட்டை போனில் படம் பிடித்தேன்.
மணி தெளிவாக விழுந்திருக்கிறது.
பிடித்திருந்த கட்டைவிரலும்,
அதில் எண்ணெய் தெறித்த கொப்புளமும்.