மூன்று நாள் வழி

சிட்னியிலிருந்து மெல்பர்ன்,
உள்வழியில் ஒன்பது மணி நேரம்.
நிரூபன் கடலோரத்தைப் பிடித்தான்.
"லாரி வாடகை எப்படியும் மூணு நாளைக்குக்கா" என்றான்,
கணக்கே பார்க்காதவன்.

கியாமாவில் சிப்ஸ். நரூமாவில் மழை.
மழை விடும்வரை இன்னொரு சிப்ஸ்.
பின்னால் என் வீடு
வளைவுக்கு வளைவு இருமியது:
வாஷிங் மெஷின், இட்லிக் குண்டான்,
விளம்பரம் போட்டும் விலைபோகாத
இருவர் மெத்தை.

கிரைண்டர் மட்டும் எங்கள் நடுவே
சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது,
எந்தச் சண்டையிலும் கட்சி சேராத
பெரிய மனுஷி மாதிரி.

அவன் எதுவும் கேட்கவில்லை.
பெகாவில் இறங்கி சீஸ் வாங்கினான்.
இருவருக்குமே பிடிக்காது.

ஈடனில் சில்லறைக்குக் கைவிட்டால்
கோட்டுப் பையில் பழைய வீட்டுச் சாவி.
ஒப்படைத்திருக்க வேண்டும்,
நேற்று, ஐந்து மணிக்குள்.
காட்டினேன்.
சிரிக்க ஆரம்பித்தான். நானும்,
படகுத்துறைப் பெலிக்கன் ஒன்று
சகிக்காமல் எழுந்து போகும்வரை.

"திரும்பணுமாக்கா?"

மூன்று நாளில்
அவன் கேட்ட ஒரே கேள்வி.
காப்பிக் கோப்பை வைக்கும் குழியில்
சாவியைப் போட்டேன்.
மாநில எல்லைப் பலகை தாண்டியும்
கிலுங்கிக்கொண்டே வந்தது.

"அடுத்த சிப்ஸ் எந்த ஊர்ல?" என்றேன்.